கையில் 9-9, எதிரில் யாரென்றே தெரியாத ஆள் மூன்று சுற்றும் பெட் போடுகிறார்: எங்கே விடுவது?

நடுஜோடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. போக்கரில் நோ லிமிட் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து), ஆன்லைன் கேஷ் கேம், ஆறு பேர் மேசை, எனக்கும் எதிராளிக்கும் 100 பிக் பிளைண்ட் (இரண்டு கட்டாயப் பெட்டில் பெரியது, கீழே எல்லாத் தொகையும் இந்தக் கணக்கில்தான்). கட்ஆஃபில் (பட்டனுக்கு முந்தைய இருக்கை) எனக்கு 9-9 வந்தது, ஒன்று ஸ்பேடு, ஒன்று ஹார்ட். 2.5-க்கு ரெய்ஸ் செய்தேன், பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இருக்கை) இருந்தவர் 8-க்கு ரீரெய்ஸ் செய்தார், பிளைண்ட் இரண்டும் ஃபோல்ட் (சீட்டை விட்டார்கள்), நான் கால் (ஈடு போட்டேன்). பாட் (நடுவில் சேர்ந்த தொகை) 17.5.

ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): ஜாக் ஸ்பேடு, 6 ஹார்ட், 2 டைமண்ட். நான் செக் (பெட் போடாமல் விட்டேன்), அவர் 9, நான் கால். பாட் 35.5.

டர்ன் (நான்காவது சீட்டு): 4 ஸ்பேடு. செக், அவர் 25, கால். பாட் 85.5.

ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு): குயின் டைமண்ட். செக், மிச்சம் இருந்த 58-ஐயும் அவர் உள்ளே தள்ளிவிட்டார்.

இந்த ஆளைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. மேசைக்கு வந்து இரண்டு சுற்று, அதாவது 12 கைதான் ஆகியிருந்தது. அதற்குள் எனக்கு எதிராகச் செய்ததையும் சேர்த்து மூன்று முறை ரீரெய்ஸ் செய்துவிட்டார், முந்தைய இரண்டிலும் எல்லோரும் ஃபோல்ட் ஆனதால் சீட்டைப் பார்க்கவே இல்லை. நான் என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். எந்த இடத்தில் விட்டிருக்க வேண்டும், அல்லது விடவே கூடாதா?


பட்டன்சீட் எழுதியது:

முதலில் ஃப்ளாப்புக்கு முன்னால் நடந்ததைப் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கையின் பாதிச் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. 5.5 போட்டு 17.5 பாட்டுக்கு ஆடுகிறீர்கள், அதற்கு 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வெல்லும் பங்கு வேண்டும். அவர் மிகக் கட்டுப்பாடான ஆள், ஜாக் ஜோடிக்கு மேலும் ஏஸ்-கிங்கும் மட்டும்தான் ரீரெய்ஸ் செய்கிறார் என்றே வைத்துக்கொண்டாலும் 9-9க்கு ஏறத்தாழ 33 சதவீதம் இருக்கிறது. பெரிய ஜோடிக்கு எதிராக 19 அல்லது 20, ஏஸ்-கிங்குக்கு எதிராக 55 அளவில். அவர் ஏஸ்-5, ஏஸ்-4 ஒரே நிறம் (இரண்டும் ஸ்பேடு, இல்லை இரண்டும் ஹார்ட் என்பதுபோல்) மாதிரி கைகளையும் சேர்த்து ஆடுபவர் என்றால் உங்கள் நிலை இன்னும் நன்றாகவே இருக்கும். ஆகவே கால் சரிதான்.

ஆனால் பொசிஷன், அதாவது அவருக்குப் பின்னால் ஆடும் வசதி, உங்களிடம் இல்லை. காகிதத்தில் இருக்கும் 33 சதவீதம் முழுவதும் கைக்கு வராது, நடுவில் எங்காவது உங்களை ஃபோல்ட் செய்ய வைத்துவிடுவார். செட் (மூன்றாவது 9) விழும் என்று நம்பி ஆடுவதாக இருந்தால், ஃப்ளாப்பில் செட் அல்லது அதற்கு மேல் விழ சுமார் 11.8 சதவீதம்தான், எட்டரை முறைக்கு ஒரு முறை. போடுவதைப்போல 15 மடங்காவது பின்னால் ஸ்டாக் (கையிருப்பு) இருக்க வேண்டும் என்று பலரும் சொல்வது இதனால்தான். உங்களுக்கு 5.5 போட்டபின் 92 மிச்சம், 16 மடங்குக்குக் கொஞ்சம் மேல். தேறிவிடுகிறது, ஆனால் செட்டுக்காக மட்டும் கால் செய்யும் கை இல்லை இது. 9-9ஐ செட் விழாமலும் சில ஃப்ளாப்புகளில் ஆடத் தெரிய வேண்டும், அதுவே இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன்.


ஷார்ட்ஸ்டாக் எழுதியது:

ஏன் கால்? 12 கையில் மூன்று ரீரெய்ஸ் செய்கிற ஆளைத் திரும்ப அடிக்க வேண்டியதுதானே. 22-க்கு நாலாவது பெட் (ரீரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ்) போட்டால் அவருடைய குப்பையெல்லாம் ஃபோல்ட் ஆகும், ஜாக் விழுமா ராஜா விழுமா என்று ஃப்ளாப்பைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதும் இல்லை.


கணக்குநோட்டு எழுதியது:

ஷார்ட்ஸ்டாக், குப்பை ஃபோல்ட் ஆனால் உங்களுக்கு என்ன லாபம்? அந்தக் குப்பைக்கு எதிராகத்தான் 9-9 முன்னால் இருக்கிறது. ஏஸ்-5 ஒரே நிறத்துக்கு எதிராக மூன்றில் இரண்டு பங்கு உங்கள் பக்கம். அவரை ஓடவிட்டு 10-10க்கு மேலும் ஏஸ்-கிங்கும் மட்டும் உங்களோடு நிற்கும்படி செய்தால், 9-9ஐ வைத்துக்கொண்டு 7-2 மாதிரி குப்பை வைத்திருப்பவர் செய்கிற வேலையைச் செய்கிறீர்கள். அவர் திரும்ப ஆல் இன் (ஸ்டாக் முழுவதும்) போட்டால் 22 போட்டுவிட்டு என்ன செய்வீர்கள்? கால் செய்தாலும் பிடிக்காது, விட்டாலும் பிடிக்காது. 20, 25 பிக் பிளைண்ட் வைத்திருக்கும்போது அது வேறு கதை, அங்கே நேராகத் தள்ளுவது நல்ல ஆட்டம், டோர்னமெண்டில் நானும் யோசிக்காமல் செய்வேன். 100 பிக் பிளைண்டில் வேண்டாம்.

அடுத்து அந்த மூன்று ரீரெய்ஸ். எல்லோரும் அதைப் பார்த்து "முரட்டு ஆள்" என்று முடிவு கட்டுகிறீர்கள். ரீரெய்ஸ் செய்ய வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் பத்தில் ஒரு முறை செய்கிற சாதாரண ஒழுங்கான ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வாய்ப்பில் அவர் மூன்றோ அதற்கு மேலோ செய்ய 11 சதவீதம் இருக்கிறது. ஒன்பது பேரில் ஒருவர் இப்படித் தெரிவார், அவர் செய்தது எல்லாம் நல்ல சீட்டு வந்ததால் மட்டும். ஆக இந்த ஆள் கொஞ்சம் தாராளமாக ஆடுபவர் என்ற சந்தேகம் கூடுகிறது, அவ்வளவே. நிரூபணம் ஆகவில்லை.


நடுஜோடி எழுதியது:

இந்த 11 சதவீதக் கணக்கு எனக்குப் புதிது, நன்றி. அப்படியானால் ஃப்ளாப்பில் ஜாக் விழுந்தவுடனேயே விட்டிருக்க வேண்டுமா? 9-க்கு மேல் ஒரு சீட்டாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு எப்போதும் குழப்பம்.


பட்டன்சீட் எழுதியது:

அப்படி விட ஆரம்பித்தால் ஆடவே முடியாது. 9-9 வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் பத்து முதல் ஏஸ் வரை ஏதாவது ஒன்று விழ 79 சதவீதம். 8-8க்கு 87, 10-10க்கு 69 அல்லது 70, ஜாக் ஜோடிக்கே 57. மேல்சீட்டு விழுவதுதான் வழக்கம், அதற்கெல்லாம் பயந்தால் நடு ஜோடியை எடுத்தவுடனே தூக்கிப் போட்டுவிடலாம்.

எந்த மேல்சீட்டு என்பதில்தான் விஷயம். ஏஸ்-10-4 விழுந்தால் அவருடைய ரேஞ்சில் (அவரிடம் இருக்கக்கூடிய கைகளில்) ஏஸ் நிறைய, ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ப்ளஃப்பாக (வெறும் மிரட்டலாக) எடுத்த ஏஸ்-5 உட்பட எல்லாம் ஜோடி ஆகிவிட்டது. அங்கே சின்ன பெட்டுக்கு ஒரு முறை கால், அடுத்த முறை யோசிக்காமல் ஃபோல்ட். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் என்றால் உங்களுக்கு 20 சதவீதம் போதும் என்பதால் அந்த ஒரு காலையும் கைவிடக் கூடாது. கிங்-7-2 மாதிரி ஃப்ளாப்பில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பெட் போடுவார்கள், அங்கேயும் ஒரு கால் உண்டு. ஜாக்-6-2 இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு நல்லது. ஏஸ்-கிங், ஏஸ்-குயின், கிங்-குயின் எதுவும் அடிக்கவில்லை, ஏஸ்-5 அடிக்கவில்லை, ஜாக்கில் மூன்றுதான் மிச்சம். பாதி பாட்டுக்கு 25 சதவீதம் தேவை, தாராளமாக இருக்கிறது. இங்கே ஃபோல்ட் செய்பவரை முரட்டு ஆள் நாள் முழுக்கத் தின்றுவிடுவார்.

ரெய்ஸ் செய்யலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், கூடாது. உங்களைவிட மோசமான கை எதுவும் கால் செய்யாது, நல்ல கை எதுவும் ஓடாது. அவர் கையில் ஒன்றுமில்லை என்றால் அவரே அடுத்த பெட்டையும் போடட்டும், அந்த வாய்ப்பை நாமே ஏன் மூட வேண்டும்.


டர்ன்கார்டு எழுதியது:

7-6-3 மாதிரி தாழ்ந்த ஃப்ளாப்பாக இருந்தால் மட்டும் நான் செக் ரெய்ஸ் (செக் செய்து, அவர் பெட் போட்டதும் ரெய்ஸ்) செய்வேன். அங்கே 9-9 மேல் ஜோடி, அவருடைய ஏஸ்-கிங்குக்கு ஆறு சீட்டு இருக்கிறது, இரண்டு சீட்டும் பார்த்தால் 24 சதவீதம் ஜோடி கிடைத்துவிடும். அதை இலவசமாகவோ சின்ன விலையிலோ ஏன் பார்க்க விட வேண்டும். ஸ்டாக் பாட்டைப்போல ஐந்து மடங்குதான் என்பதால் பணம் முழுதும் உள்ளே போனாலும் பெரிய வருத்தம் இல்லை.

ஜாக்-6-2இல் பட்டன்சீட் சொன்னதே சரி. டர்ன் 4 ஸ்பேடும் கால்தான். 25-ஐ 35.5 பாட்டில் போடுகிறார், 29 சதவீதம் வேண்டும். ஸ்பேடு டிரா (இன்னும் ஒரு ஸ்பேடு வந்தால் ஐந்தும் ஸ்பேடு) புதிதாக வந்திருக்கிறது, ஏஸ்-5க்கும் ஏஸ்-3க்கும் நடுவில் ஒரு சீட்டு வந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு), ஆகவே தொடர்ந்து அடிக்க அவருக்குக் காரணம் கூடியிருக்கிறது. ஆனால் இங்கே கால் செய்யும்போதே ரிவரில் 58 வரப்போகிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். "இப்போது கால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனால் ரிவரில் எந்தச் சீட்டு வந்தாலும் கை நடுங்கும். எந்தெந்த ரிவரில் கால், எதில் ஃபோல்ட் என்று டர்னிலேயே மனதுக்குள் பிரித்துவிடுங்கள்.


ஷார்ட்ஸ்டாக் எழுதியது:

சரி, நாலாவது பெட் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், 100 பிக் பிளைண்டில் அது வேண்டாம். ஆனால் ரிவரில் கால் என்றுதான் சொல்வேன். குயின் பயமுறுத்தும் சீட்டு. ப்ளஃப் செய்ய நினைக்கிறவர் இப்படி ஒன்று விழட்டும் என்றுதான் காத்திருப்பார், ஏஸ்-குயின் எனக்கு இருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல ரிவர் ஏது. அதோடு 58-ஐ 85.5 பாட்டில் போடும்போது நம் ரேஞ்சில் 60 சதவீதமாவது கால் செய்யாவிட்டால் அவர் எந்த இரண்டு சீட்டை வைத்தும் லாபமாக அடிக்கலாம். தெரியாத ஆளிடம் அந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், வேறு என்ன இருக்கிறது?


கணக்குநோட்டு எழுதியது:

அந்த 60 சதவீதம் நம் மொத்த ரேஞ்சுக்கு, இந்த ஒரு கைக்கு இல்லை. நடுஜோடி இந்த ரிவருக்கு எதையெல்லாம் கொண்டு வருவார்? ஏஸ்-ஜாக், கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10, பத்து ஜோடி, 6-6 செட். 9-9 இவற்றுக்கெல்லாம் கீழே. தற்காப்புக்கு யாரையாவது நிறுத்த வேண்டும் என்றால் ஜாக் வைத்திருப்பதை நிறுத்தலாம். இன்னொன்று, அந்தக் கணக்கு நம் பழக்கம் தெரிந்து நம்மைச் சுரண்டுகிறவருக்கு எதிரான காப்பு. இரண்டு சுற்றுக்கு முன் வந்து உட்கார்ந்தவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்?

இப்போது காம்போ, அதாவது ஒவ்வொரு கையும் எத்தனை விதமாக வரலாம் என்பதை, எண்ணிப் பார்ப்போம். ரிவரில் அவருக்கு வலுவான கைகள்: ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 6, குயின் ஜோடி 3, ஜாக் ஜோடி 3, மொத்தம் 18. ஏஸ்-குயின் 12 வகை இருக்கிறது, அதில் பாதியாவது டர்னில் அடித்து வந்திருக்கும் என்றால் 6. ஆக 24. 58-க்குக் கால் செய்ய 29 சதவீதம் வேண்டும், அதாவது இந்த 24-க்கு எதிராக 10 ப்ளஃப் காம்போவாவது அவரிடம் இருக்க வேண்டும்.

ப்ளஃப் எங்கிருந்து வரும்? தப்பிப்போன ஸ்பேடு டிரா: ஏஸ்-5, ஏஸ்-3, ஏஸ்-10, கிங்-10, தாராளமாக எண்ணினாலும் ஐந்துக்கு மேல் போகாது. 10-9, 9-8 ஸ்பேடெல்லாம் கிடையாது, ஏனென்றால் ஸ்பேடு 9 நடுஜோடி கையிலேயே இருக்கிறது. நடுஜோடியிடம் 9 ஹார்ட்டும் 9 கிளாவரும் இருந்திருந்தால் இந்தக் கை கொஞ்சம் நல்ல காலாக மாறியிருக்கும், சின்ன வித்தியாசம்தான், ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவில் அதுவும் கணக்கு.

மிச்சம் இருப்பது ஏஸ்-கிங், 16 காம்போ. அங்கேதான் எல்லாமே இருக்கிறது. ஏஸ்-கிங்கை மூன்று சுற்றும் அடித்து ரிவரில் ஆல் இன் தள்ளுகிற ஆளாக இருந்தால் ப்ளஃப் 20 தாண்டும், கால் செய்யாமல் விடுவது குற்றம். ரிவரில் செக் செய்து நிறுத்திவிடுகிற ஆளாக இருந்தால் ஐந்து ப்ளஃப்புக்கு எதிராக 24, ஃபோல்ட் செய்யாமல் இருப்பது குற்றம். நடுஜோடிக்கு முன்னால் இருந்த உண்மையான கேள்வி இந்த ஒன்றுதான், அந்த மூன்று ரீரெய்ஸ் இதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. ஃப்ளாப்புக்கு முன் முரட்டுத்தனமாக ஆட 8 பிக் பிளைண்ட் போதும். ரிவரில் ஒன்றுமில்லாமல் 58-ஐத் தள்ளுவது வேறு சுபாவம். முன்னது இருக்கிற பலரிடம் பின்னது இருப்பதில்லை, நான் பார்த்தவரை தெரியாத ஆட்டக்காரர்கள் ரிவர் ஆல் இன்னில் நல்ல கையைத்தான் அதிகம் காட்டுகிறார்கள்.


பட்டன்சீட் எழுதியது:

இதை அப்படியே ஏற்கிறேன். இந்தக் கையை பட்டனில் இருந்து, அவர் நமக்கு முன்னால் செக் செய்ய வேண்டிய இடத்தில் ஆடியிருந்தால் பாதி வலி குறைந்திருக்கும், டர்னில் அவர் செக் செய்தால் நாமும் செக் செய்து பாட்டைச் சின்னதாக வைத்திருக்கலாம். தெரியாத முரட்டு ஆள் நமக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் அவருக்குத்தான் எப்போதும் கடைசி வார்த்தை. அவருக்கு இடப்பக்கம் இருக்கை காலியானால் அங்கே மாறிக்கொள்வது எந்த ரிவர் காலையும்விடப் பெரிய லாபம்.


டர்ன்கார்டு எழுதியது:

9-9 என்றாலே எனக்கு 2003 உலகப் போக்கர் தொடரின் (WSOP) முக்கியப் போட்டிதான் நினைவுக்கு வரும். 839 பேர் ஆடிய போட்டி, பத்துப் பேர் மிச்சம் இருக்கும்போது தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் ஐவி கையில் 9-9, எதிரில் அன்றைக்கு யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத கிறிஸ் மணிமேக்கர். ஃப்ளாப்பில் இரண்டு குயினும் ஒரு 6-உம். மணிமேக்கரிடம் ஏஸ்-குயின் இருந்தது. டர்னில் 9 விழுந்து ஐவிக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று 9, இரண்டு குயின்), பணம் எல்லாம் உள்ளே போனது. ரிவரில் ஏஸ். ஐவி பத்தாவது இடத்தில் வெளியேறினார், மணிமேக்கர் பட்டத்தை வென்று 25 லட்சம் டாலர் எடுத்துக்கொண்டு போனார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பணம் உள்ளே போன நேரத்தில் மணிமேக்கருக்கு உதவக்கூடிய சீட்டு ஏழு: மூன்று ஏஸ், மூன்று 6, ஒரு குயின். தெரியாத 44-இல் ஏழு, 16 சதவீதம். ஐவி 84 சதவீதம் முன்னால் இருந்து தோற்றார். அதே நேரத்தில் ஃப்ளாப்பில் அவர் வெகுவாகப் பின்னால் இருந்தார், 9 விழுந்ததால்தான் முன்னால் வந்தார் என்பதும் உண்மை. ஒரு கை எப்படி முடிந்தது என்பதை வைத்து அந்த ஆட்டத்தை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது, நடுஜோடி முடிவைச் சொல்லாமல் வைத்திருப்பது நல்ல வேலை.


நடுஜோடி எழுதியது:

இனி சொல்லலாம். ரிவரில் ஃபோல்ட் செய்தேன், அவர் சீட்டைக் காட்டவில்லை. ஏஸ்-கிங் பற்றிய கேள்வியாக இதை நான் பார்க்கவே இல்லை, குயின் பிடிக்கவில்லை என்ற உணர்வில் விட்டேன், இப்போது அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, இந்த மாதிரி ஆளிடம் அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்? இரண்டு, ரிவரில் குயினுக்குப் பதில் 3 கிளாவர் மாதிரி ஒரு சின்னச் சீட்டு வந்து, அதே 58-ஐத் தள்ளியிருந்தால்?


பட்டன்சீட் எழுதியது:

முதல் கேள்விக்கு: எத்தனை முறை ரீரெய்ஸ் செய்கிறார் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த எண்ணுக்குப் பொருள் வர நூற்றுக்கணக்கான கை வேண்டும். சீட்டு காட்டப்படும் ஒவ்வொரு கையையும், நீங்கள் அதில் இல்லாவிட்டாலும், திரும்பிப் போய்ப் பாருங்கள். ஃப்ளாப்பில் பெட் போட்டுவிட்டு டர்னில் நிறுத்திய கை எது, ரிவர் வரை கொண்டு வந்த கை எது. ஏஸ்-கிங் மாதிரி ஜோடி ஆகாத கையை ரிவரில் செக் செய்து காட்டினார் என்றால் ஒரே ஒரு முறை பார்த்தாலும் எழுதி வையுங்கள். பெட்டின் அளவையும் பாருங்கள், நல்ல கைக்கு ஒரு அளவு, ப்ளஃப்புக்கு ஒரு அளவு என்று ஆடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதை கணக்குநோட்டுக்கு விட்டுவிடுகிறேன்.


கணக்குநோட்டு எழுதியது:

3 கிளாவர் என்றால் கணக்கு உங்கள் பக்கம் திரும்புகிறது, அவ்வளவு சின்னச் சீட்டு இவ்வளவு மாற்றுமா என்று தோன்றும், ஆனால் மாற்றுகிறது. ஏஸ்-5 இப்போது ஸ்ட்ரெய்ட், அது ப்ளஃப்பிலிருந்து வலுவான பக்கம் போய்விட்டது, ஒரே நிறத்தில் 4 காம்போ. குயின் ஜோடி 3-லிருந்து 6 ஆகிறது. ஆக ஏஸ், கிங், குயின் ஜோடி 18, ஜாக் செட் 3, ஏஸ்-5 4, மொத்தம் 25. தேவைப்படும் ப்ளஃப் அதே 10 அளவுதான்.

ஆனால் ஏஸ்-குயின் இப்போது வெறும் ஏஸ்-குயின். குயினே போர்டில் இல்லாததால் 16 காம்போ, அதில் பாதி டர்னில் அடித்து வந்திருந்தால் 8. ஏஸ்-கிங் 16. இரண்டும் சேர்ந்து 24, தப்பிப்போன ஸ்பேடு ஒரு மூன்று நான்கு. இந்த 27, 28-இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ரிவரில் துணிந்தாலே உங்கள் கால் லாபம். குயினில் கிட்டத்தட்ட பாதி துணிய வேண்டியிருந்தது. தெரியாத ஆள் பாதி முறை துணிவார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன், மூன்றில் ஒரு முறை துணிவார் என்று கட்டுவேன். 3-இல் கால், குயினில் ஃபோல்ட்.